பாலும் எலும்பும் பல்லும்: ஓர் எளிய விளக்கம்

குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தின் ஒரே ஓர் அறையில், 1918-ஆம் ஆண்டு, ராபர்ட் மெக்காரிசன் என்ற மருத்துவர், வைட்டமின் பி1 குறைவால் வரும் பெரிபெரி நோயைப் பற்றிய ஆய்வைத் தொடங்கினார். அந்த அறை மெல்ல வளர்ந்து, 1928-இல் ஊட்டச்சத்து ஆராய்ச்சிக்கூடமாகி, 1958-இல் ஐதராபாத்துக்கு இடம் மாறி, 1969 முதல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்ற பெயரில் இயங்கி வருகிறது. இந்தியர் ஒருவருக்கு நாளொன்றுக்கு எவ்வளவு கால்சியம் வேண்டும் என்று இன்று நமக்கு அளவு சொல்லும் நிறுவனம், சிம்ஸ் பூங்காவுக்கு அருகில் பிறந்தது என்பது நீலகிரிக்காரர்களிலேயே பலருக்குத் தெரியாது.

குன்னூரில் இருந்த காலத்தில் மெக்காரிசன் நாட்டின் பல பகுதி மக்கள் உண்ணும் உணவு வகைகளைத் தனித்தனியாகச் சமைத்து எலிகளுக்குக் கொடுத்து, அவற்றின் வளர்ச்சியை ஒப்பிட்டுப் பார்த்தார். முழுக்கோதுமைச் சப்பாத்தி, பால், வெண்ணெய், பருப்பு, காய்கறி ஆகியவை சேர்ந்த சீக்கியர் உணவைத் தின்ற எலிகள் மிக நன்றாக வளர்ந்தன. சென்னை மாகாணத்து அரிசி உணவைத் தின்றவை கடைசி வரிசையில் நின்றன. அரிசிச் சோற்றில் வளர்ந்த நமக்கு இதைக் கேட்கச் சற்று வருத்தமாகத்தான் இருக்கும். ஆனால் இரண்டு உணவுகளுக்கும் இடையே இருந்த வேறுபாடு பால் மட்டுமே இல்லையாதலால், வெற்றியைப் பாலின் கணக்கில் அப்படியே எழுதிவிட முடியாது. அந்தக் குறையை அவருக்குப் பின் இயக்குநராக வந்த ஏக்ராய்டின் காலத்து ஆய்வு ஓரளவு தீர்த்தது. 1930-களில், வழக்கமான அரிசி உணவை உண்டுவந்த குழந்தைகளில் ஒரு பிரிவினருக்கு மட்டும் கொழுப்பு நீக்கிய பால்பொடியைக் கரைத்துக் கூடுதலாகக் கொடுத்தபோது, அவர்கள் மற்றவர்களைவிட உயரத்திலும் எடையிலும் அதிகம் வளர்ந்தார்கள்.

உயரம் கூடுவது என்றால் எலும்பு நீள்கிறது என்று பொருள். கொழுப்பை எடுத்துவிட்ட பாலே இந்த வேலையைச் செய்தது என்பதையும் வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்; பின்னால் பால் பாக்கெட்டின் நிறத்தைப் பற்றிப் பேசும்போது அது பயன்படும். பாலில் இருக்கும் எது எலும்புக்குப் போகிறது, எந்த நிலையில் போகிறது, எந்த நிலையில் போகாமல் வீணாகிறது என்பதே இந்தக் கட்டுரையின் பொருள்.

எலும்பு எதனால் ஆனது

கோழிக் காலெலும்பு ஒன்றைச் சதை நீக்கிக் கழுவி, ஒரு கண்ணாடிப் பாட்டிலில் போட்டு, அது மூழ்கும் அளவுக்கு வினிகர் ஊற்றி மூடி வையுங்கள். இரண்டு நாளுக்கு ஒருமுறை வினிகரை மாற்றி, ஒரு வாரம் கழித்து எடுத்துப் பாருங்கள். எலும்பின் உருவம் அப்படியே இருக்கும்; ஆனால் இரு முனைகளையும் பிடித்து வளைத்தால் ரப்பரைப் போல வளையும். மாறாக, அடுப்பில் விழுந்து நன்றாக வெந்து வெளுத்துப்போன எலும்பை எடுத்தால், அதுவும் உருவம் மாறாமல்தான் இருக்கும். விரலால் அழுத்தினால் பொடிந்துவிடும். வினிகரின் அமிலம் எலும்பிலிருந்து தாது உப்பைக் கரைத்து எடுத்துக்கொண்டு புரதத்தை விட்டுவைத்தது. நெருப்பு புரதத்தை எரித்துவிட்டுத் தாது உப்பை விட்டுவைத்தது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் உள்ள வீட்டில் இந்தச் சோதனையைச் செய்து காட்டினால், எலும்பு என்பது இரண்டு பொருள்களின் கூட்டு என்பதைப் படம் போட்டு விளக்கத் தேவையே இருக்காது.

அந்தப் புரதத்தின் பெயர் கொலாஜன். வளைந்துகொடுத்து முறியாமல் காப்பது அது. தாது உப்பு என்பது கால்சியமும் பாஸ்பரசும் சேர்ந்து உருவான ஹைட்ராக்சிஅபடைட் என்ற படிகம். எலும்புக்குக் கடினத்தையும் எடை தாங்கும் வலிமையையும் கொடுப்பது இது. வளர்ந்த மனிதர் ஒருவரின் உடலில் ஏறத்தாழ ஒரு கிலோ கால்சியம் இருக்கிறது. அதில் 99 சதவீதம் எலும்பிலும் பல்லிலும் அடங்கிவிடுகிறது.

மீதி ஒரு சதவீதம் இரத்தத்திலும் திசுக்களிலும் இருக்கிறது. அளவில் சிறியதானாலும் உடல் இதைத்தான் முதலில் கவனிக்கிறது. ஏனெனில் இதயம் துடிப்பதற்கும், தசை சுருங்குவதற்கும், நரம்பு செய்தி கடத்துவதற்கும், இரத்தம் உறைவதற்கும் இந்தக் கால்சியம் தேவை. இரத்தத்தில் 100 மில்லிலிட்டருக்கு ஏறத்தாழ எட்டரை முதல் பத்தரை மில்லிகிராம் என்ற எல்லைக்குள் அது எப்போதும் நிற்க வேண்டும். உணவில் வரும் கால்சியம் குறைந்து, இரத்தத்தின் அளவு சற்றே இறங்கினாலும், கழுத்தில் தைராய்டுக்குப் பின்னால் இருக்கும் பாராதைராய்டு சுரப்பிகள் ஒரு ஹார்மோனைச் சுரந்து, எலும்பிலிருந்து கால்சியத்தை எடுத்து இரத்தத்தில் சேர்க்கச் செய்கின்றன. இதனால்தான் பால் குடிக்காத ஒருவருக்கு இரத்தப் பரிசோதனையில் கால்சியம் சரியாகவே இருக்கும், குறைவது எலும்பில். இரத்தப் பரிசோதனை முடிவைக் காட்டி, “எனக்குக் கால்சியம் நார்மல்” என்று நிம்மதி அடைகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

எலும்பு ஒருமுறை உருவாகி அப்படியே நின்றுவிடுவதும் இல்லை. மலைச்சரிவில் தேயிலைத் தோட்டத்து மண்ணைத் தாங்கி நிற்கும் கல் தடுப்புச் சுவரை எண்ணிப் பாருங்கள்: எங்கே கல் தளர்ந்திருக்கிறதோ அங்கே பிரித்து எடுத்து, மறுபடி அடுக்குகிறார்கள், அந்த வேலை நடக்கும்போதும் சுவர் தன் பாரத்தைத் தாங்கிக்கொண்டேதான் இருக்கிறது. எலும்பிலும் பழைய பகுதியைக் கரைத்து எடுக்கும் செல்களும், புதிய பகுதியைக் கட்டும் செல்களும் ஒருங்கே வேலை செய்கின்றன. வளர்ந்தவர்களின் எலும்பில் ஆண்டுக்கு ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு இப்படிப் புதுப்பிக்கப்படுகிறது. ஆகவே, வளர்ந்து முடிந்த பிறகு பால் எதற்கு என்ற கேள்விக்கு இடமில்லை. கட்டும் வேலை நடக்கும் வரைக்கும் பொருள் வந்துகொண்டிருக்க வேண்டும்.

ஒரு டம்ளர் பாலில் வருவது

பசும்பால் 100 மில்லிலிட்டரில் ஏறத்தாழ 120 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. அப்படியானால் 200 மில்லிலிட்டர் கொள்ளும் ஒரு டம்ளரில் 240 மில்லிகிராம். அதனுடன் ஏறத்தாழ 180 மில்லிகிராம் பாஸ்பரசும், ஆறு கிராமுக்கு மேல் புரதமும் சேர்ந்தே வருகின்றன. எலும்பின் படிகத்துக்கு வேண்டிய இரண்டு தாதுக்களும், கொலாஜனைக் கட்டுவதற்கு வேண்டிய புரதமும் ஒரே டம்ளரில் வந்துவிடுவதுதான் பாலின் சிறப்பு. சாதாரணமாகக் கால்சியமும் பாஸ்பேட்டும் நீரில் சந்தித்தால் கரையாமல் அடியில் படிந்துவிடும். பாலில் கேசின் என்ற புரதம் அவற்றை மிக நுண்ணிய திரள்களுக்குள் பிடித்து வைத்துக்கொள்வதால் அவை படியாமல் மிதக்கின்றன. பாலின் வெண்மைக்கு இந்தத் திரள்கள் ஒளியைச் சிதறடிப்பதும் ஒரு காரணம்.

தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் 2020-இல் வெளியிட்ட பரிந்துரைப்படி, வளர்ந்தவருக்கு நாளொன்றுக்கு 1000 மில்லிகிராம் கால்சியம் வேண்டும். ஏழு முதல் ஒன்பது வயதுப் பிள்ளைக்கு 650, பத்து முதல் பன்னிரண்டு வயதுக்கு 850, பாலூட்டும் தாய்க்கும் மாதவிடாய் நின்ற பெண்ணுக்கும் 1200 என்று அந்த அளவு மாறுகிறது. இதே நிறுவனம் வளர்ந்தவருக்கான ஒரு நாள் உணவுத் தட்டில் 300 மில்லிலிட்டர் பால் அல்லது தயிரைச் சேர்க்கிறது. அதிலிருந்து கிடைப்பது ஏறத்தாழ 360 மில்லிகிராம். தேவையில் மூன்றில் ஒரு பங்கைவிடச் சற்று அதிகம். மீதி, தட்டில் உள்ள மற்ற உணவிலிருந்து வர வேண்டும். பாலை மட்டும் குடித்து முழுத் தேவையையும் நிரப்ப வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை.

இனி பாக்கெட்டின் நிறம். ஆவின் நீலப் பாக்கெட்டில் கொழுப்பு 3 சதவீதம், பச்சையில் 4.5 சதவீதம், ஆரஞ்சில் 6 சதவீதம். கொழுப்பு தவிர்த்த திடப்பொருளோ நீலத்திலும் பச்சையிலும் 8.5 சதவீதம், ஆரஞ்சில் 9 சதவீதம். கால்சியம் இருப்பது இந்த இரண்டாவது கணக்கில். எனவே எலும்புக்காகப் பால் வாங்குகிறவர், விலை கூடிய ஆரஞ்சுப் பாக்கெட்டைத் தேட வேண்டியதில்லை. நீலப் பாக்கெட்டே போதும். வளரும் பிள்ளைக்கு உடல் எடையும் வேண்டும் என்றால் அது வேறு கணக்கு. இதே காரணத்தால், ஆடையை எடுத்துவிட்ட பாலில் கால்சியம் குறைவதில்லை. வெண்ணெயிலும் நெய்யிலும் கால்சியம் ஏறத்தாழ இல்லை என்றே சொல்லலாம். சுடுசோற்றில் நெய் ஊற்றிச் சாப்பிட்டால் எலும்பு வலுக்கும் என்று நம் வீடுகளில் பெரியவர்கள் சொல்வது சுவைக்காகச் சொன்னதாக இருக்கட்டும்.

தயிரில் கால்சியம் பாலில் இருந்த அளவே இருக்கிறது. மோர் என்பது எவ்வளவு நீர் சேர்த்தோமோ அவ்வளவு நீர்த்த தயிர். நீர்மோரை எலும்புக் கணக்கில் எழுதுகிறவர்கள் இதைக் கழித்துக்கொள்ள வேண்டும்.

பாலைக் காய்ச்சினால் சத்து போய்விடுமா என்று கேட்பவர்கள் உண்டு. தாது உப்பு வெப்பத்தால் அழிவதில்லை. பாத்திரத்தின் அடியில் ஒட்டும் மெல்லிய படிவில் சிறிதளவு தங்கும், அவ்வளவுதான். உதகை ஏறத்தாழ 2240 மீட்டர் உயரத்தில் இருப்பதால் இங்கே தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. பருப்பு வேகத் தாமதமாவது இதனால்தான். அப்படியானால் இங்கே பால் சரியாகக் காயுமா என்ற ஐயம் எழுவது இயல்பு. கிருமிகளை அழிக்கும் பாஸ்டர் முறையில் பாலை 72 டிகிரியில் 15 விநாடி வைத்தால் போதுமாதலால், மலையிலும் பொங்க வைத்த பால் பாதுகாப்பானதே. பக்கத்து வீட்டுத் தொழுவத்தில் கறந்த பாலைக் காய்ச்சாமல் குடிப்பதுதான் ஆபத்து. புருசெல்லா முதலிய கிருமிகள் அந்த வழியாக வரக்கூடும்.

நீலகிரியில் பால் என்றால் பெரும்பாலும் டீ. டீக்கடையில் மாஸ்டர் கொதிக்கும் பாலை அளவாக ஊற்றி, டிகாக்‌ஷன் சேர்த்து, உயர்த்தி ஆற்றித் தரும் கண்ணாடி டம்ளரில் மொத்தமே 100 மில்லிலிட்டர் போல இருக்கும். அதில் பாதி பால் என்று கொண்டால் 60 மில்லிகிராம் கால்சியம். நாளைக்கு நான்கு டீ குடிப்பவர் ஒரு டம்ளர் பாலின் கால்சியத்தைப் பெற்றுவிடுகிறார். டீயில் உள்ள காஃபின் சிறுநீர் வழியாகச் சிறிதளவு கால்சியத்தை வெளியேற்றினாலும், டீயில் கலந்த பாலே அந்த இழப்பை ஈடுசெய்துவிடுகிறது. ஆகவே டீயைப் பார்த்து எலும்பு பயப்பட வேண்டியதில்லை. டீயால் தடைபடுவது இரும்புச்சத்து. அதனால் சாப்பாட்டுடன் சேர்த்துக் குடிக்காமல் ஒரு மணி நேரமாவது விட்டுக் குடிப்பது நல்லது. அந்த நான்கு டீயிலும் போடும் சர்க்கரை பல்லை என்ன செய்கிறது என்பதைப் பிறகு பார்க்கலாம்.

குடித்தது எலும்பைச் சேர்வது எப்படி

பாலில் உள்ள கால்சியம் முழுவதும் உடலில் சேர்வதில்லை. வளர்ந்தவரின் குடல் அதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கையே எடுத்துக்கொள்கிறது. இது குறைவாகத் தோன்றலாம். ஆனால் பசலைக் கீரையில் ஆக்சலேட் என்ற பொருள் கால்சியத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்வதால், அதிலிருந்து சேர்வது ஏறத்தாழ ஐந்து சதவீதமே. கீரையின் அட்டவணை எண்ணைப் பாலின் எண்ணோடு நேரடியாக ஒப்பிடுவது இதனால் தவறாகிறது. கேழ்வரகில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 350 மில்லிகிராம் கால்சியம் இருந்தாலும், அதில் ஃபைட்டேட் என்ற தடை உண்டு. முளைகட்டுவதும் புளிக்க வைப்பதும் அந்தத் தடையைக் குறைக்கின்றன. முதல் நாளே கரைத்துப் புளிக்கவிட்ட கூழ், பச்சை மாவில் கிண்டிய களியைவிட இந்த வகையில் மேலானது. நம் மலைத் தோட்டங்களில் விளையும் முட்டைக்கோசு, பிரக்கோலி, நூல்கோல் ஆகியவற்றில் ஆக்சலேட் குறைவு. அவற்றிலிருந்து வரும் கால்சியம் அளவில் சிறியதானாலும் நன்றாகவே சேர்கிறது.

குடலில் இந்த உறிஞ்சுதலை நடத்துவது வைட்டமின் டி. அது போதுமான அளவு இல்லாதபோது எவ்வளவு பால் குடித்தாலும் பெரும்பகுதி வீணாகிறது. குழந்தைகளுக்கு இந்தக் குறை முற்றினால் எலும்பு கெட்டிப்படாமல் கால்கள் வளைந்துபோகும் ரிக்கெட்ஸ் நோய் வரும். பாலில் இயற்கையாக வைட்டமின் டி மிகக் குறைவு. செறிவூட்டிய பாலில் லிட்டருக்கு 5 முதல் 7.5 மைக்ரோகிராம் வரை சேர்க்க உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி இடம் தருகிறது. பாக்கெட்டில் ‘எஃப்’ எழுத்தும் கூட்டல் குறியும் சேர்ந்த முத்திரை இருந்தால் அது செறிவூட்டிய பால். ஆனால் அந்தப் பாலிலும் ஒரு டம்ளரில் கிடைப்பது ஒன்று அல்லது ஒன்றரை மைக்ரோகிராமே. நாளின் தேவை 15 மைக்ரோகிராம். மீதியைத் தருவது வெயில்.

இங்கே மலைவாழ்வுக்கு உரிய ஒரு சிக்கல் இருக்கிறது. உயரம் கூடக் கூடப் புற ஊதாக் கதிரின் வீச்சு கூடும். ஆயிரம் மீட்டருக்கு ஏறத்தாழ பத்து சதவீதம் என்பது பொதுக் கணக்கு. அந்தக் கணக்குப்படி உதகைவாசிகளுக்கு வைட்டமின் டி தாராளமாகக் கிடைக்க வேண்டும். ஆனால் கூடலூர், பந்தலூர், அவலாஞ்சிப் பக்கங்களில் ஆனி பிறந்தால் ஆவணி வரை மழையும் மேகமும். குன்னூர், கோத்தகிரிப் பக்கங்களில் ஐப்பசி, கார்த்திகையில் மூடுபனி. வெயில் அடிக்கும் நாளிலும் ஸ்வெட்டர், குல்லா, மப்ளர் என்று முகத்தையும் கையையும் தவிர எல்லாவற்றையும் மூடிக்கொண்டு திரிகிறோம்; முதியவர்கள் கண்ணாடி சன்னலுக்குப் பின்னால் நாற்காலி போட்டு வெயில் காய்கிறார்கள். சன்னல் கண்ணாடி வெப்பத்தை உள்ளே விடும். வைட்டமின் டி-யை உருவாக்கும் கதிரைத் தடுத்துவிடும். அவர்கள் அதே நாற்காலியை வாசலில் போட்டு, முழங்கை வரை கையைத் திறந்து, தம் நிழல் தம் உயரத்தைவிடக் குட்டையாக விழும் நேரத்தில் உட்கார வேண்டும். காலை ஏழு மணி வெயில் இதற்கு உதவாது. அது உடம்புக்கு இதமாக மட்டுமே இருக்கும்.

கால்சியம் சேர்ந்த பிறகும் ஒரு நிபந்தனை மீதமிருக்கிறது: எலும்பின் மேல் பாரம் விழ வேண்டும். விண்வெளியில் எடையற்று மிதக்கும் வீரர்களுக்கு, நல்ல உணவு உண்டும், இடுப்பெலும்பின் அடர்த்தி மாதத்துக்கு ஒன்று முதல் ஒன்றரை சதவீதம் வரை குறைந்திருக்கிறது. மேடும் பள்ளமுமான தெருவில் நடப்பது, படியேறுவது, தோட்டத்தில் கொழுந்துக் கூடை சுமப்பது ஆகிய ஒவ்வொன்றும் எலும்புக்கு “கட்டு” என்று சொல்லும் கட்டளை. வீட்டுக்கு வீடு ஸ்கூட்டர் வந்துவிட்ட பிறகு மலையில் வாழ்வதால் மட்டும் அந்தக் கட்டளை கிடைத்துவிடாது.

வயதும் முக்கியம். எலும்பில் சேரும் தாதுவின் பெரும்பகுதி இருபது வயதுக்குள் சேர்ந்துவிடுகிறது. முப்பதை ஒட்டி அது உச்சம் தொடுகிறது. பிறகு மெல்லத் தேய்கிறது. பெண்களுக்கு மாதவிடாய் நின்ற முதல் சில ஆண்டுகளில் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் குறைவதால் வேகமாகத் தேய்கிறது. பத்து முதல் பதினெட்டு வயது வரை உள்ள பெண்பிள்ளைகள் காலையில் பாலைத் தள்ளிவிட்டு ஒரு வாய்க் கறுப்புக் காப்பியோடு பள்ளிக்கு ஓடுவதை நான் சிறிய விஷயமாக எண்ணவில்லை. அந்த வயதில் சேராமல் போனதை ஐம்பதில் மாத்திரையால் முழுவதும் ஈடுகட்ட முடியாது.

பல்லின் கதை வேறு

பல்லும் அதே ஹைட்ராக்சிஅபடைட்டால் ஆனதுதான். ஆனால் எலும்பைப் போலத் தன்னைத்தானே பிரித்துக் கட்டிக்கொள்ளும் திறன் பல்லின் மேற்பூச்சான எனாமலுக்கு இல்லை. எனாமலில் 96 சதவீதம் தாது. அதை உருவாக்கிய செல்கள் பல் வெளியே முளைக்கும்போதே மறைந்துவிடுகின்றன. பால் பற்களின் எனாமல் தாயின் வயிற்றிலேயே கெட்டிப்படத் தொடங்குகிறது. ஞானப்பல் தவிர மற்ற நிலையான பற்களின் மேற்பகுதி, ஈறுக்குள் இருக்கும்போதே, எட்டு வயதை ஒட்டி உருவாகி முடிந்துவிடுகிறது. எனவே உடலுக்குள் சென்ற கால்சியம் பல்லைக் கட்டும் காலம் கர்ப்பமும் குழந்தைப் பருவமும்தான். அதற்குப் பிறகு பால் குடித்து எனாமலை உள்ளிருந்து வளர்க்க முடியாது.

வளர்ந்தவரின் பல்லுக்குப் பால் உதவுவது வாய்க்குள் இருக்கும்போது. பல்லில் படிந்த கிருமிகள் சர்க்கரையைத் தின்று அமிலத்தை உண்டாக்குகின்றன. அமிலத்தன்மையைக் குறிக்கும் பி.எச். அளவு (எண் குறையக் குறைய அமிலம் கூடும்) ஏறத்தாழ 5.5-க்குக் கீழே இறங்கினால் எனாமல் கரையத் தொடங்குகிறது. உமிழ்நீர் அதை மறுபடி மேலே கொண்டுவர அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை ஆகும். பாலின் பி.எச். 6.6-ஐ ஒட்டி இருக்கிறது. அதில் உள்ள கால்சியமும் பாஸ்பேட்டும் எனாமல் கரைவதைத் தடுத்து, சிறிதளவு கரைந்த இடத்தை மீண்டும் கெட்டிப்படுத்த உதவுகின்றன. கேசின் புரதமும் பல்லின் மேல் காப்பாக ஒட்டுகிறது. பாலில் இயற்கையாக உள்ள லாக்டோஸ் சர்க்கரைகளிலேயே பல்லுக்கு மிகக் குறைந்த தீங்கு செய்வது.

இவை யாவும் சர்க்கரை போடாத பாலுக்குப் பொருந்தும். இரண்டு கரண்டிச் சர்க்கரையோ, இனிப்புக் கலந்த சத்துமாவுப் பொடியோ சேர்த்த பாலில் கிருமிகளுக்கு வேண்டிய தீனி கிடைத்துவிடுகிறது. டீக்கடைக் கணக்குக்குத் திரும்பினால், சர்க்கரையின் மொத்த அளவைவிட எத்தனை முறை வாயில் படுகிறது என்பதே பல்லுக்கு முக்கியம். ஒவ்வொரு டீயும் ஒரு அமிலப் பொழுதைத் தொடங்கி வைக்கிறது. குளிருக்கு மணிக்கு ஒரு டீ என்று குடிப்பவரின் பல் பகல் முழுவதும் அமிலத்தில்தான் நிற்கிறது. டீயை விட வேண்டியதில்லை. சர்க்கரையை விட்டால் போதும். நாக்கு அதற்குச் சில வாரங்களில் பழகிவிடும்.

தூங்க வைப்பதற்காகக் குழந்தையின் வாயில் பால் பாட்டிலை வைத்துவிடுவது மிகக் கெடுதலான பழக்கம். தூக்கத்தில் உமிழ்நீர் வெகுவாகக் குறைந்துவிடுகிறது; லாக்டோஸ் தீங்கு குறைந்தது என்றாலும், இரவு முழுவதும் தேங்கி நின்றால் அதுவும் அமிலமாகிவிடும். இப்படி வளர்ந்த குழந்தையின் வாயைத் திறந்து பார்த்தால் மேல் முன்பற்கள் நான்கிலும், ஈறை ஒட்டி முதலில் சுண்ணாம்பு போன்ற வெள்ளைக் கோடும், பிறகு பழுப்புச் சொத்தையும் தெரியும். கீழ் முன்பற்கள் நாக்கின் மறைவில் இருப்பதால் பெரும்பாலும் தப்பியிருக்கும். அந்த வெள்ளைக் கோட்டு நிலையிலேயே பல் மருத்துவரிடம் காட்டினால் சொத்தையாகாமல் தடுக்க வாய்ப்பு உண்டு. பாலைக் கொடுத்து, வாயைத் துடைத்து, அதன் பிறகு தூங்க வைக்க வேண்டும். முதல் பல் முளைத்த நாளிலிருந்து ஃபுளோரைடு பற்பசையை ஓர் அரிசி அளவு தொட்டுத் துலக்கிவிட வேண்டும்; பால் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் இந்த வேலையை அது செய்யாது.

யாருக்கு எவ்வளவு

ஆறு மாதம் வரை குழந்தைக்குத் தாய்ப்பால் தவிர வேறு எதுவும் தேவையில்லை. ஒரு வயது முடியும் வரை பசும்பாலையோ எருமைப் பாலையோ முதன்மை உணவாகக் கொடுக்கக் கூடாது. அதில் இரும்புச்சத்து மிகக் குறைவு, பச்சிளம் சிறுநீரகத்துக்கு அதன் புரதமும் உப்பும் அதிகம். ஒரு வயதுக்குப் பிறகும், சோறு ஊட்டச் சோம்பி நாளெல்லாம் பாலையே கொடுத்து வளர்க்கப்படும் குழந்தை கொழுகொழுவென்று இருந்தும் இரத்தசோகையோடு இருக்கும்.

பால் குடித்தால் வயிறு உப்புகிறது, பேதியாகிறது என்பவர்கள் நம்மிடையே பலர். லாக்டோஸைச் செரிக்கும் லாக்டேஸ் என்ற நொதி குழந்தைப் பருவத்துக்குப் பின் பெரும்பாலோருக்குக் குறைந்துவிடுவது இயற்கை; அது நோயன்று. வளர்ந்த பிறகும் அந்த நொதியைத் தொடர்ந்து சுரக்கச் செய்யும் மரபணு மாற்றம் தென்னிந்தியரிடம் பொதுவாகக் குறைவு. அதற்கு விலக்காக நிற்பவர்கள் நம் மலையின் தோடர்கள்: எருமையைப் புனிதமாகப் போற்றி, பால் மனையையே கோயிலாகக் கொண்டு, பாலும் மோரும் நெய்யும் உண்டு வாழ்ந்த இந்தச் சமூகத்தில் அந்த மரபணு மாற்றம் மிக உயர்ந்த அளவில் காணப்படுவதாக மரபியல் ஆய்வுகள் காட்டியுள்ளன. மற்றவர்கள் வருத்தப்பட ஒன்றும் இல்லை. தயிரில் லாக்டோஸின் ஒரு பகுதியைப் பாக்டீரியாக்களே செரித்துவிடுகின்றன. பெரும்பாலோர் தயிரையும், சாப்பாட்டோடு சிறிது சிறிதாகக் குடிக்கும் பாலையும் தாங்கிக்கொள்வார்கள். பால் வேண்டவே வேண்டாம் என்பவர்கள் கேழ்வரகு, எள், முள்ளோடு தின்னும் நெத்திலி, முட்டைக்கோசு வகைக் காய்கள் ஆகியவற்றைச் சேர்த்துத் தேவையை நிரப்பலாம். அதற்குச் சற்றுக் கூடுதல் திட்டமிடல் வேண்டும், அவ்வளவே. சிறுநீரக நோய் உள்ளவர்கள் மட்டும் பாலின் அளவை மருத்துவரிடம் கேட்டே முடிவு செய்ய வேண்டும். அவர்களுக்குப் பாலின் பாஸ்பரஸ் சுமையாகலாம்.

நிறையக் குடித்தால் நிறைய வலுக்கும் என்பதற்குச் சான்று இல்லை. 2014-இல் வெளியான ஒரு சுவீடன் ஆய்வில், நாளைக்கு மூன்று டம்ளரோ அதற்கு மேலோ பால் குடித்த பெண்களுக்கு எலும்பு முறிவு குறைவாக இருக்கவில்லை, கூடுதலாகவே இருந்தது. மக்களைக் கவனித்து எழுதிய ஆய்வாகையால் காரணம் பால்தான் என்று அதிலிருந்து உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் அளவுக்கு மேல் குடிப்பதை ஊக்குவிக்கவும் அது இடம் தரவில்லை. இதற்கு மாறாக, ஆஸ்திரேலியாவில் அறுபது முதியோர் இல்லங்களில் இரண்டு ஆண்டுகள் நடந்து 2021-இல் வெளியான ஒரு சோதனை இன்னும் தெளிவானது. அங்கே முதியவர்கள் உணவில் பெற்றுவந்த கால்சியம் ஏறத்தாழ 700 மில்லிகிராம். பாதி இல்லங்களில் பால், தயிர், பாலாடைக்கட்டி ஆகியவற்றைக் கூட்டி அதை 1100-க்கு மேல் உயர்த்தினார்கள். புரதமும் கூடவே உயர்ந்தது. அந்த இல்லங்களில் எலும்பு முறிவு 33 சதவீதமும், இடுப்பெலும்பு முறிவு 46 சதவீதமும் குறைந்தன. அந்த முதியவர்களுக்கு வைட்டமின் டி ஏற்கெனவே போதுமான அளவு இருந்தது என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். குறையாக உண்பவருக்குக் குறையை நிரப்பினால் பலன் உண்டு. நிரம்பியிருப்பவருக்கு மேலும் ஊற்றுவதால் பெரிதாக ஒன்றும் இல்லை என்றே நான் இந்த இரண்டையும் சேர்த்துப் புரிந்துகொள்கிறேன்.

நம் வீடுகளில் அப்படிக் குறையாக உண்பவர் பெரும்பாலும் பாட்டிதான். பாக்கெட் பாலைக் காய்ச்சிப் பேரப் பிள்ளைகளுக்கும் வேலைக்குப் போகிறவர்களுக்கும் ஊற்றிக் கொடுத்துவிட்டு, பாத்திரம் கழுவிய நீர் போன்ற டீயைத் தனக்கு வைத்துக்கொள்கிறவருக்கு, வீட்டிலேயே மிக அதிகமாக, நாளைக்கு 1200 மில்லிகிராம் தேவைப்படுகிறது. பற்கள் உதிர்ந்து கீரையும் கேழ்வரகு அடையும் மெல்ல முடியாமல் போன வயதில், இரவு ஒரு டம்ளர் பாலும் மதியம் ஒரு கிண்ணம் தயிரும் அவருக்குக் கிடைத்தால் 450 மில்லிகிராம் போலச் சேர்ந்துவிடும். குழைய வைத்த கேழ்வரகுக் கூழில் பால் ஊற்றிக் கொடுத்தால் இன்னும் கூடும். கால்சியம் மாத்திரை தேவையா, எலும்பு அடர்த்திப் பரிசோதனை செய்ய வேண்டுமா என்பதை, முதுகு கூனத் தொடங்கியிருந்தாலோ சிறு சறுக்கலில் மணிக்கட்டு முறிந்திருந்தாலோ, தாமதிக்காமல் மருத்துவரிடம் கேட்டுவிட வேண்டும்.